பிரிவு உபசாரம்

சென்ற பங்குனியில் ஒரு கல்லூரிக்குப் போயிருந்தேன். விருதுநகர் ஜில்லாவில் உள்ள கல்லூரி. பெயர் எதற்கு? பெயரைச் சொன்னால், அந்த ஒரு கல்லூரியைத்தான் சொல்கிறேன் என்று மற்றக் கல்லூரிக்காரர்கள் நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவார்கள். அவர்கள் தூங்கக் கூடாது என்பதற்காகவே பெயரை விட்டுவிடுகிறேன்.

படிப்பை முடித்துக்கொண்டு போகிற மூன்றாம் வருஷத்து மாணவ மாணவியருக்குப் பிரிவு உபசார விழா. நான் சிறப்பு விருந்தினர். 'கல்லூரி வாழ்க்கையின் இனிய நினைவுகள்' என்ற தலைப்பில் அரைமணி நேரம் பேச வேண்டும் என்று விழாக் காரியதரிசியான பேராசிரியர் கடிதம் எழுதியிருந்தார். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. நான் கல்லூரியில் இரண்டு வருஷம் இருந்தவன். மூன்றாவது வருஷத்துக்குப் பணம் கட்ட வழியில்லாமல் நின்றுவிட்டவன். எனக்கு யாரும் பிரிவு உபசாரம் நடத்தவில்லை. ஆபீசில் இருந்த குமாஸ்தா, நூல் நிலையத்துக்கு அபராதப் பாக்கி இருக்கிறது என்று சொல்லி, அதை வாங்கி எண்ணிப் பார்த்துவிட்டு, மாற்றுச் சான்றிதழை ஜன்னல் வழியாக நீட்டினார். அதுதான் எனக்கு நடந்த உபசாரம். இனிய நினைவு ஒன்று சொல்லியே தீர வேண்டுமானால், அந்த ஜன்னலுக்கு வெளியே ஒரு வேப்ப மரம் நின்றது. நிழல் நன்றாக இருந்தது.

ஆனாலும் போனேன். மேடை என்றால் எழுத்தாளனுக்கு ஒரு சபலம் உண்டு. அதை மறைத்து என்ன பயன்?

மண்டப வாசலில் இரண்டாள் உயரத்துக்கு ஒரு பிளெக்ஸ் தட்டி. அதில் விடைபெறுகிறவர்களின் முகங்கள் வரிசை வரிசையாக இருந்தன. மேலே என் முகம், பத்து வருஷத்துக்கு முந்தியது. உள்ளே பெண்கள் எல்லோரும் ஒரே மயில்கழுத்து நிறத்தில் சேலை கட்டியிருந்தார்கள். பையன்களெல்லாம் அதே நிறத்தில் சட்டை. தலைக்கு மேலே ஒரு யந்திரத் தும்பி பறந்து பறந்து படம் எடுத்துக்கொண்டிருந்தது. ஒலிபெருக்கி போட்ட சத்தத்தில் என் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. எங்கள் காலத்தில் கையெழுத்துப் புத்தகம் ஒன்றை நீட்டி, 'மறக்காதே' என்று எழுதி வாங்கிக்கொள்வார்கள். இப்போது முதுகைக் காட்டிச் சட்டையிலேயே எழுதி வாங்கிக்கொள்கிறார்கள். அதைப் பற்றி எனக்கு ஆட்சேபம் இல்லை. புத்தகமாக இருந்தால் என்ன, சட்டையாக இருந்தால் என்ன, மறக்கத்தான் போகிறோம்.

விழா தொடங்க நேரமிருந்தது. சத்தம் தாங்காமல் பின்பக்கமாக வெளியே வந்தேன். அங்கே குழாயடிக்குப் பக்கத்துத் திண்ணையில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருந்தாள். சாதாரணச் சுடிதார். மடியில் ஒரு பிளாஸ்டிக் உறை. என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

"ஏம்மா, நீ மூன்றாம் வருஷமா?" என்று கேட்டேன்.

"ஆமா சார்."

"உள்ளே போகலையா?"

"இல்ல சார். சேலை எடுக்கல."

"சேலை இல்லாவிட்டால் என்ன?"

"எல்லாரும் ஒரே கலர்ல இருக்காங்க சார். நான் மட்டும் வேற கலர்ல போய் நின்னா போட்டோ நல்லா இருக்காது."

இதைச் சொல்லும்போது அவள் குரலில் கோபம் இல்லை, வருத்தமும் இல்லை. போட்டோ கெட்டுவிடக் கூடாதே என்ற அக்கறைதான் இருந்தது. எனக்கு அதுதான் தாங்கவில்லை. திட்டியிருந்தால் சமாதானம் சொல்லித் தப்பித்திருப்பேன்.

கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் வந்தது. சேலை, சாப்பாடு, வீடியோ, விருந்தினருக்கு மரியாதை எல்லாம் சேர்த்துத் தலைக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் வசூல். அவள் கொடுக்கவில்லை. "அப்படியானால் இன்றைக்கு ஏன் வந்தாய்?" என்று கேட்டேன். ஆபீசில் தன்னுடைய பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலைக் கேட்க வந்தாளாம். சேரும்போது வாங்கி வைத்துக்கொண்ட அசல். ஒரு வேலைக்கு எழுதிப் போட அது வேண்டும். கல்லூரிக்குக் கட்ட வேண்டியதில் நாலாயிரம் பாக்கி. கட்டினால்தான் தருவோம் என்று சொல்லிவிட்டார்கள்.

"அம்மா என்ன வேலை செய்கிறார்?"

"பயராபீசுக்குப் போறாக சார்."

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் ஆபீஸ் என்றால் நாற்காலியும் மின்விசிறியும் உள்ள இடம் என்று நினைத்துவிடாதீர்கள். தீப்பெட்டித் தொழிற்சாலைக்குத் தீப்பெட்டி ஆபீஸ் என்று பெயர். பட்டாசு ஆலைக்குப் பயராபீஸ். விடிகாலையில் வேன் வந்து கிராமத்துப் பெண்களை அள்ளிக்கொண்டு போகும். கரிசல் காட்டுக்கு நடுவே, ஒன்றுக்கொன்று எட்டி நிற்கிற சின்னச் சின்ன அறைகளில் உட்கார்ந்து, குழல் சுற்றுவதும் திரி வைப்பதும் சரம் பின்னுவதும் மருந்து செலுத்துவதும் அந்த ஆபீஸ் உத்தியோகம். பொழுது சாயும்போது கையிலும் முகத்திலும் வெள்ளிப் பொடியோடு திரும்பி வருவார்கள்.

"அம்மா எதுவரை படித்திருக்கிறார்?"

"மூணாவது வரைக்கும் சார். அப்புறம் தீப்பெட்டி ஆபீசுக்குப் போயிட்டாக. கல்யாணத்துக்கு அப்புறம் பயராபீஸ்."

என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. அவள் அதைப் பார்த்துவிட்டாள். "வேண்டாம் சார். அம்மா சனிக்கிழமை தருவாக" என்றாள். எடுத்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன்.

இனி என் வழக்கைச் சொல்கிறேன்.

மூன்றாம் வகுப்போடு தீப்பெட்டி ஆபீசுக்குப் போன ஒரு சிறுமியின் மகள், மூன்று வருஷம் கல்லூரியில் படித்துப் பட்டதாரியாக வெளியே வருகிறாள். ஒரே ஒரு தலைமுறைக்குள் நடந்திருக்கிற காரியம் இது. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்துக் குழந்தைகளைப் பற்றி ஒரு காலத்தில் நாடெல்லாம் பேச்சு. தீக்குச்சி அடுக்குகிற பிஞ்சு விரல்களைப் படம் எடுக்காத பத்திரிகை இல்லை. 1986-ல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. எம்.சி. மேத்தா தொடர்ந்த வழக்கில், 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறிக் குழந்தையை வேலைக்கு வைத்த முதலாளி ஒவ்வொரு குழந்தைக்கும் இருபதாயிரம் ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. சட்டமும் தீர்ப்பும் பாதிதான் செய்தன. மீதியைச் செய்தவர்கள், 'நான் பட்டது என் மகள் படக் கூடாது' என்று பல்லைக் கடித்துக்கொண்டு வேனில் ஏறிப் போன தாய்மார்கள். இந்த வட்டாரத்தின் சரித்திரத்தில் இதைவிடப் பெரிய வெற்றி ஒன்று உண்டா? எனக்குத் தெரியவில்லை.

அந்த வெற்றியைக் கொண்டாட ஒரு நாள் வருகிறது. மகள் படித்து முடித்துக் கல்லூரி வாசலைத் தாண்டுகிற நாள். அந்த நாளில் நாம் செய்வது என்ன? ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் இல்லை என்பதற்காக அந்த மகளைக் குழாயடித் திண்ணையில் உட்கார்த்தி வைக்கிறோம். வெற்றியைத் தேடித் தந்த தாயை அழைக்க வேண்டும் என்கிற எண்ணமே யாருக்கும் வரவில்லை. வேறு எவனோ ஒருவனை, பாதியில் படிப்பை விட்டவனை, கதை எழுதுகிறான் என்பதற்காகக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்துகிறோம். இதற்குப் பிரிவு உபசாரம் என்று பெயர். உபசாரம் யாருக்கு? நான் கேட்கிறேன்.

அரசாங்கம் 2022 செப்டம்பர் 5 அன்று புதுமைப் பெண் திட்டத்தைத் தொடங்கியது. அரசுப் பள்ளியில் படித்து மேல்படிப்புக்கு வருகிற பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய். அந்தப் பெண்ணும் அதை வாங்கியிருக்கிறாள். "அது வீட்டுக்குச் சரியாப் போயிரும் சார்" என்றாள். ஆயிரம் ரூபாயின் மதிப்பு அந்த வீட்டில் அப்படி. மூன்று மணி நேரக் கேளிக்கைக்கு அதில் ஒன்றரை மாதப் பணத்தைக் கேட்பது, பேராசிரியர்களுக்குத் தெரிந்து, அவர்கள் மேற்பார்வையிலேயே நடக்கிறது. 'நாங்கள் கட்டாயப்படுத்தவில்லையே, மாணவர்களாகவே விரும்பி வசூலித்தார்கள்' என்பார்கள். வாஸ்தவம். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. எல்லோரும் ஒரே நிறத்தில் சேலை கட்டினால் போதும். கட்டாயம் தானாக வந்துவிடுகிறது.

அந்தச் செப்டம்பர் 5-ஐப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அது ஆசிரியர் தினம். சரியாகப் பத்து வருஷத்துக்கு முன்னால், 2012 செப்டம்பர் 5 அன்று, சிவகாசிக்குப் பக்கத்தில் முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலை வெடித்தது. நாற்பது பேரை ஒட்டிச் செத்துப்போனார்கள். அவர்களில் பலர் ஆலையில் வேலை செய்தவர்கள் அல்ல. புகையைப் பார்த்து, உள்ளே மாட்டிக்கொண்டவர்களைக் காப்பாற்றலாம் என்று பக்கத்து ஊர்களிலிருந்து ஓடி வந்தவர்கள். ஜில்லாவில் உள்ள கல்லூரிகளில் அன்று ஆசிரியர்களுக்கு ரோஜாப் பூக் கொடுக்கிற நாள்.

2021 பிப்ரவரி 12 அன்று, சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் இன்னொரு வெடி விபத்து. இருபது பேருக்கு மேல் மாண்டார்கள். மாண்டவர்களில் ஒரு கல்லூரி மாணவியும் இருந்தாள். கல்லூரிக் கட்டணத்துக்காக வேலைக்கு வந்தவள் என்று பத்திரிகைகள் எழுதின. நான் அந்தச் செய்தியைக் கத்தரித்து வைத்திருக்கிறேன். அவளுக்குப் பிரிவு உபசாரம் கிடையாது. அவளுடைய சட்டையின் முதுகில் யாரும் கையெழுத்துப் போடவில்லை. 'கட்டணப் பாக்கி' என்ற சொல்லை எந்தக் கல்லூரி ஆபீஸ் ஜன்னலில் கேட்டாலும் எனக்கு அந்தக் கத்தரித்த காகிதம் ஞாபகத்துக்கு வருகிறது. ஜன்னலுக்கு உள்ளே இருக்கிறவருக்கு அது கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி. வெளியே நிற்கிறவளுக்கு அது சனிக்கிழமை வரை அம்மா உயிரோடு வேனிலிருந்து இறங்க வேண்டும் என்கிற விஷயம்.

'கல்லூரி நடத்துவது என்ன தர்ம சத்திரமா? கட்டணம் வாங்காமல் எப்படி நடத்துவது?' என்று நிர்வாகிகள் கேட்பார்கள். கேட்கட்டும். நான் சரித்திரத்திலிருந்தே பதில் சொல்கிறேன்.

விருதுநகருக்கு விருதுபட்டி என்று பெயர் இருந்த காலத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், இங்கே க்ஷத்திரிய வித்தியாசாலை என்ற பள்ளிக்கூடம் ஏற்பட்டது. அதை எப்படி நடத்தினார்கள் தெரியுமா? வீட்டுக்கு வீடு உலையில் போடுவதற்கு முன்னால் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியே வைத்தார்கள். வியாபாரிகள் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை எடுத்து வைத்தார்கள். அந்தப் பிடி அரிசியும் மகமையும்தான் பள்ளிக்கூடமாயின. காமராஜர் படித்த பள்ளிக்கூடம் அது. அவர் பள்ளிப் படிப்பையே முடிக்கவில்லை. கல்லூரி வாசலை மாணவனாக மிதித்ததும் இல்லை. ஆனால் 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்தபோது, ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் திறந்ததும், பிள்ளைகளுக்கு மதியச் சோறு போட்டதும் அவர்தான். பிடி அரிசியில் படித்தவருக்குச் சோற்றுக்கும் எழுத்துக்கும் உள்ள சம்பந்தத்தை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

1947-ல் விருதுநகரில் செந்திக்குமார நாடார் கல்லூரி வந்தது. 1962-ல் பெண்களுக்கென்று வன்னியப்பெருமாள் கல்லூரி. 1963-ல் சிவகாசியில் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி. 1968-ல் ஸ்டாண்டர்டு பயர் ஒர்க்ஸ் ராஜரத்தினம் மகளிர் கல்லூரி. நான் போன கல்லூரி இந்த நான்கில் ஒன்று அல்ல. இவற்றைக் குறை சொல்லவும் நான் வரவில்லை. வெளியூர்க்காரர்கள் இந்தப் பெயர்களைக் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். அய்ய நாடார், சண்முக நாடாரோடு 1920-களின் தொடக்கத்தில் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்து சிவகாசியில் ஊன்றியவர். கடைசியாகச் சொன்ன கல்லூரியின் பெயரிலேயே பட்டாசு இருக்கிறது. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, பெருமைதான். ஆனால் பெருமையை முழுவதும் சொல்ல வேண்டும். கல்லூரிக்குக் கல் எடுத்துக் கொடுத்தது முதலாளியின் தாராளம் என்றால், அந்தத் தாராளத்துக்குப் பணம் சேர்த்துக் கொடுத்தது குழல் சுற்றிய கை. இந்த வட்டாரத்தில் எந்தக் கல்லூரிச் சுவரைத் தட்டினாலும் உள்ளே கொஞ்சம் அரிசியும் கொஞ்சம் வெடிமருந்தும் இருக்கும்.

அப்படிப்பட்ட ஊரில், கொடுத்தவர்களுடைய பேத்தியிடம் 'பாக்கியைக் கட்டிவிட்டு வா' என்று சொல்கிறோம். யார் யாருக்குப் பாக்கி?

சட்டத்தைத்தான் மதிக்கிறோம் என்றால், அதையாவது படித்துப் பார்க்கலாம். சேர்க்கையின்போது வாங்கிய அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே அறிவித்துவிட்டது. வர வேண்டிய பணத்துக்கு வேறு வழி தேடுங்கள். ஒரு பெண்ணின் மதிப்பெண் பட்டியல் அடகுக் கடை நகை அல்ல.

இன்னொரு குற்றச்சாட்டும் உண்டு. அது இதைவிடப் பெரிது.

பிரிவு என்கிறோமே, யாரை விட்டு யார் பிரிகிறார்கள்? ஒரு கிராமத்துப் பெண்ணுக்கு விருதுநகரோ சிவகாசியோ மூன்று வருஷம் பட்டணமாக இருக்கிறது. காலையில் பஸ் ஏறுகிறாள். கடைவீதியைப் பார்க்கிறாள். நூல் நிலையத்தில் உட்காருகிறாள். சிநேகிதிகளோடு வாய்விட்டுச் சிரிக்கிறாள். 'எங்கே போனாய், ஏன் நேரமாயிற்று' என்று கேட்க ஆளில்லாத ஒரு மணி நேரம் அவளுக்குத் தினமும் கிடைக்கிறது. பங்குனியோடு அது முடிந்துபோகிறது. மறுநாள் முதல் அவள் தன் ஊரில், தன் வீட்டில், தன் தெருவில். பட்டம் எதற்குப் பயன்படுகிறது? கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் இரண்டு எழுத்துப் போடுவதற்கு. அதுவும் ஒரே ஒரு தடவை.

விழாவில் பெண்கள் அழுததைப் பார்த்தபோது முதலில் எனக்கு எரிச்சல் வந்தது. காமிராவுக்காக அழுகிறார்கள் என்று நினைத்தேன். பிறகுதான் புத்தி வந்தது. அவர்கள் அழுதது அந்தச் சுண்ணாம்புக் கட்டடத்துக்காக அல்ல, வகுப்பில் தூங்க வைத்த பாடங்களுக்காகவும் அல்ல. நாளை முதல் தங்களுக்கு அந்த ஒரு மணி நேரம் இல்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மேடையில் இருந்த எங்களில் யாருக்கும் அது தெரியவில்லை. அந்த அழுகையை நான் கேலி செய்ய மாட்டேன். அந்த மண்டபத்தில் அன்று நடந்தவற்றில் பொய் இல்லாத ஒரே காரியம் அதுதான்.

பிள்ளைகளை அனுப்பிய பிறகு கல்லூரி என்ன செய்கிறது? பட்டணத்துக் கம்பெனிகளில் வேலை கிடைத்த சிலருடைய படத்தைப் பெரிதாக அச்சடித்துச் சாலை ஓரத்தில் தட்டி வைக்கிறது. மற்றவர்கள் எங்கே? கேட்டால், 'கல்லூரி என்ன வேலை தேடிக் கொடுக்கிற இடமா? அறிவைக் கொடுப்பது எங்கள் கடமை' என்பார்கள். நல்லது. ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் அந்தத் தட்டியை முதலில் இறக்குங்கள். வேலை கிடைத்தால் அது கல்லூரியின் பெருமை, கிடைக்காவிட்டால் அது பெண்ணின் தலைவிதி என்று இரண்டு கணக்கு எழுதாதீர்கள்.

அறிவைக் கொடுக்கிறோம் என்கிறார்களே, அதையும் பார்த்துவிடலாம். அந்தப் பெண் படித்தது ரசாயனம். அம்மாவின் கையில் ஒட்டியிருக்கிற வெள்ளிப் பொடி அலுமினியம் என்று அவளுக்குத் தெரியும். பேரியம் உப்பு பச்சை ஒளி கொடுக்கும் என்று பரீட்சையில் எழுதியிருக்கிறாள். 2018-ல் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளுக்குத் தடை விதித்தபோது அந்த வட்டாரமே வேலையில்லாமல் தவித்தது அவள் வீட்டு அடுப்பில் தெரிந்த விஷயம். அறைக்கு நான்கு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்பது விதி என்றும், உள்குத்தகைக்கு எடுத்து ஆளை அடைத்து வைத்து அவசரப்படுத்துகிற இடங்களில்தான் பெரும் விபத்து நடக்கிறது என்றும் அவளுக்கு அம்மா சொல்லியிருக்கிறாள். ஆனால் மூன்று வருஷத்தில் ஒரு நாளாவது, வகுப்பில் சொன்ன ரசாயனமும் வீட்டில் பார்த்த ரசாயனமும் ஒன்றுதான் என்று யாராவது அவளிடம் பேசியிருப்பார்களா? கேட்டேன். "அதெல்லாம் சிலபஸ்ல இல்ல சார்" என்றாள்.

பட்டாசுத் தொழிலை மூடச் சொல்கிறவன் நான் அல்ல. மூடினால் அந்த அம்மா சனிக்கிழமை எதைக் கொண்டு வருவாள் என்று எனக்குத் தெரியும். அந்தத் தொழிலில் சாவு குறைய வேண்டுமானால், அதைத் தெரிந்தவர்கள், அதில் சொந்த ரத்தம் உள்ளவர்கள், படித்துவிட்டு அதன் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டும். நாம் அவர்களுக்குக் கற்றுக் கொடுப்பது திரும்பிப் பார்க்காமல் ஓடுவதற்கு. ஓட முடியாதவர்களுக்கு வீட்டில் உட்காருவதற்கு.

முன்பு இந்த ஊர் மாணவனை இப்படி நினைக்கவில்லை. 1967-ல் இதே விருதுநகரில் காமராஜரை எதிர்த்து நின்றவர் பெ. சீனிவாசன்; 1965 மொழிப் போராட்டத்தில் வந்த மாணவர் தலைவர். 1,285 வாக்கு வித்தியாசத்தில் அவர் ஜெயித்தார். அது நல்லதா கெட்டதா என்று நீங்கள் உங்கள் கட்சியைப் பொறுத்துச் சண்டை போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் மாணவன் என்றால் ஊர் திரும்பிப் பார்த்தது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். இன்றைக்கு மாணவன் என்றால் ஊருக்கு வந்து, மூன்று வருஷம் பஸ்ஸில் தொங்கி, போகிற போது சட்டையில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிறவன்.

மேடைக்குப் போனேன். இனிய நினைவுகளை ஒதுக்கி வைத்தேன். "உங்களில் எத்தனை பேருடைய அம்மா தீப்பெட்டி ஆபீசுக்கோ பயராபீசுக்கோ போகிறார்கள்? கையைத் தூக்குங்கள்" என்று கேட்டேன். முதலில் நாலைந்து கை. பிறகு ஒன்றொன்றாக, அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு, பாதி மண்டபம் கையைத் தூக்கியது. பிரின்ஸிபால் கடிகாரத்தைப் பார்த்தார். "இந்த விழாவுக்கு அவர்களில் ஒருவரையாவது கூப்பிட்டிருக்கிறீர்களா?" என்று கேட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் பேசிவிட்டு உட்கார்ந்தேன். கைதட்டல் சுமார்தான்.

விழா முடிந்து காரில் ஏறும்போது ஒரு பையன் வந்தான். சட்டை முழுக்கக் கையெழுத்து. கண் சிவந்திருந்தது. "சார், கோவிச்சுக்காதீங்க. இன்னைக்கு ஒரு நாளாவது அதை மறந்திருக்கலாம்னு இருந்தோம். நீங்க வந்து ஞாபகப்படுத்திட்டீங்க" என்றான்.

எனக்குப் பதில் வரவில்லை. இன்றைக்கும் அவன் சொன்னதை என்னால் தள்ளிவிட முடியவில்லை. வீட்டில் தினமும் வெடிமருந்து வாசனையை முகர்கிறவனுக்கு ஒரு நாள் மயில்கழுத்து நிறச் சட்டை போட்டுக்கொண்டு ஆட உரிமை இல்லையா? இருக்கிறது. அவனுடைய சந்தோஷத்தோடு எனக்குச் சண்டை இல்லை. அவன் மேல் ஒரு குறையும் இல்லை. இருபது வயசுப் பையனுக்கு அவ்வளவுதான் தெரியும். அவனுக்குத் தெரியாததைத் தெரிந்து வைத்திருக்க வேண்டிய பெரியவர்களோடுதான் என் சண்டை. எல்லோரும் சேர்ந்து மறப்பதற்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். நானும் வந்து ஆடுகிறேன். காசு கொடுத்தவனுக்கு மட்டும் மறதியை விற்று, கொடுக்க முடியாதவளைக் குழாயடியில் உட்கார்த்தி, அவள் பங்கு ஞாபகத்தையும் சேர்த்து அவள் தலையில் ஏற்றாதீர்கள்.

வீட்டுக்கு வந்து பையைத் திறந்தேன். பொன்னாடை இருந்தது. 'விருந்தினருக்கு மரியாதை' என்று அந்தப் பெண் சொன்ன கணக்கில் வாங்கியது. அவள் கொடுக்காததால், அவளுடைய பங்கு அதில் இல்லை என்று சொல்லி என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்ளப் பார்த்தேன். முடியவில்லை. அவளைப் போல எத்தனை பேர் கடன் வாங்கிக் கொடுத்தார்களோ! மேடையில் வாய் கிழியப் பேசிய நான், அதைத் தோளில் போட்டபோது தலை குனிந்து வாங்கிக்கொண்டேன். இந்தக் கட்டுரையில் நான் யார் மேல் குற்றம் சொன்னேனோ, அவர்கள் வரிசையில் கடைசி ஆளாக என்னையும் நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்த பங்குனி வரும். அழைப்புகளும் வரும். இந்த ஜில்லாவில் எந்தக் கல்லூரி கூப்பிட்டாலும் வரத் தயாராக இருக்கிறேன். பொன்னாடை வேண்டாம், பஸ் செலவு என்னுடையது. ஆனால் மூன்று நிபந்தனைகள்.

ஒன்று, விழாவுக்குப் பிள்ளைகளிடம் ஒரு காசு வசூலிக்கக் கூடாது. அந்த ஊரில் மகமை எடுத்துப் பழக்கப்பட்ட வியாபாரிகள் இருக்கிறார்கள், அவர்களிடம் கேளுங்கள். கிடைப்பது போதாது என்றால் ஆளுக்கு ஒரு டீயும் ஒரு வடையும் போதும்.

இரண்டு, விழா ஞாயிற்றுக்கிழமை நடக்க வேண்டும். அன்றைக்குத்தான் தாய்மார்களால் கூலியை விடாமல் வர முடியும். முதல் வரிசை நாற்காலிகள் அவர்களுக்கு. பிரமுகர்கள் பின்னால் உட்காரட்டும். அவர்களுக்கு எங்கிருந்தாலும் தெரியும்.

மூன்று, மண்டபத்துக்குள் நுழைகிற ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் அதனுடைய அசல் சான்றிதழ்கள் இருக்க வேண்டும். கூடவே ஒரு பேரேடு போடுங்கள். இன்று போகிறவர்கள் அடுத்த ஐந்து வருஷம் எங்கே இருக்கிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று வருஷத்துக்கு ஒரு தடவை விசாரித்து அதில் எழுதுங்கள். வேலை கிடைத்தவர்களை மட்டுமல்ல, எல்லோரையும்.

இந்த மூன்றுக்கும் சம்மதம் என்றால் ஒரு கார்டு போடுங்கள். அந்தப் பெண்ணின் அம்மாவை நானே போய் அழைத்துக்கொண்டு வருகிறேன்.